முதலில் நீர்க்கோடு

வானொலிக் கட்டுப்பாட்டில் இயங்கும் நீர்மூழ்கி மாதிரிகளைக் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் கோபுரத்தில்தான் தொடங்குகிறார்கள். பெரிஸ்கோப், பீரங்கி, கைப்பிடிக் கம்பிகள், பறக்கும் கொடி என்று கண்ணுக்குத் தெரியும் எல்லாம் முதல் மாதத்திலேயே முடிந்துவிடும். பிறகு மோட்டார், பேட்டரி, சுக்கான். எல்லாம் முடிந்து, வண்ணமும் பூசி உலர்ந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் குளியல் தொட்டியில் இறக்கி, எங்கே எவ்வளவு ஈயம் வைக்கலாம் என்று பார்க்கிறார்கள். இது முற்றிலும் தலைகீழான வரிசை என்பதே என் கட்சி. நீர்மூழ்கியின் முதல் கோடு நீர்க்கோடாக இருக்க வேண்டும். மற்றவை எல்லாம் அதற்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவை.

இலக்கியம் பேசும் இடத்தில் இதை ஏன் எழுத வேண்டும் என்று கேட்கும் நண்பர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கண்ணுக்குத் தெரிவதற்கும் தெரியாததற்கும் இடையிலான கணக்கு வழக்கை இவ்வளவு துல்லியமாகக் கற்றுத்தரும் வேறொரு கைவேலையை நான் அறியேன்.

சாதாரணக் கப்பலுக்கு ஒரே நீர்க்கோடு. சுமை ஏறினால் சற்றுத் தாழும், இறங்கினால் சற்று உயரும், அவ்வளவே. நீர்மூழ்கிக்கோ இரண்டு நிலைகள். மேலே மிதக்கையில் ஒரு கோடு. அமிழ்ந்தபின் கோடே இல்லை. இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவே உள்ள வேறுபாடுதான் தொட்டியில் ஏற்ற வேண்டிய நீரின் அளவு. கப்பற்காரர்கள் 'பாலாஸ்ட்' என்பதை இங்கே அடிபாரம் என்று எழுதுகிறேன். ரயில் தண்டவாளத்துக்கு அடியில் கொட்டும் ஜல்லிக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான். இரண்டும் ஒன்றை நிலைநிறுத்தும் பாரங்கள். நீர்மூழ்கியில் அது இருவகை: அடித்தளத்தில் அசையாமல் கிடக்கும் ஈயம் ஒன்று, தொட்டிக்குள் வந்து போகும் நீர் மற்றொன்று.

எடுத்துக்காட்டுக்கு இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஜெர்மானிய ஏழு-சி வகை நீர்மூழ்கியை எடுத்துக்கொள்வோம். மாதிரி கட்டுகிறவர்களின் செல்லப்பிள்ளை அது. நீளம் 67.1 மீட்டர். மேலே மிதக்கையில் 769 டன் நீரையும், மூழ்கியபின் 871 டன் நீரையும் இடம்பெயர்க்கும். 72-இல் ஒரு பங்கு அளவில் கட்டினால் நீளம் 93 சென்டிமீட்டர். எடையோ நீளத்தைப் போல் 72 பங்கு குறைவதில்லை. 72-ஐ மும்முறை பெருக்கி வரும் 3,73,248 பங்கு குறைகிறது. ஆகவே மாதிரி மேலே மிதக்கையில் ஏறத்தாழ 2.06 கிலோ, மூழ்குகையில் 2.33 கிலோ. வேறுபாடு 270 கிராமை ஒட்டி வருகிறது. உண்மைக் கப்பலில் 102 டன்னாக இருந்தது இங்கே ஒரு பெரிய டம்ளர் நீராகிவிட்டது. புதியவர்கள் இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு அந்த அளவுக்கு ஒரு தொட்டி கட்டிவிட்டுப் பிறகு படகு மூழ்கவில்லை என்றோ, எழவில்லை என்றோ புலம்புவார்கள்.

மாதிரிக்கான விதி வேறு, மிக எளியது. படகு மேலே மிதக்கையில் நீர்க்கோட்டுக்கு மேல் எவ்வளவு திடப்பொருளும் மூடிய வெற்றிடமும் நிற்கின்றனவோ, அவற்றின் கன அளவே தொட்டியின் கன அளவு. கூடவும் வேண்டாம், குறையவும் கூடாது. வெளித்தோடு நீர் புகுந்து வெளியேறும் வெற்றுக்கூடு. உள்ளிருக்கும் நீர்புகா உருளைதான் உண்மையான உடல். அந்த உருளையும் தொட்டியும் நீர்க்கோட்டுக்குக் கீழேயே அடங்கிவிட்டால், மேலே தூக்க வேண்டியது தோட்டின் மேற்பாதியை மட்டுந்தான். நீர்க்கோட்டுக்கு மேலுள்ள தோட்டின் பரப்பு 1,000 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தடிமன் 3 மில்லிமீட்டர் என்றால் அதைத் தூக்க 300 மில்லிலிட்டர் தொட்டி வேண்டும். 1.5 மில்லிமீட்டராகத் தேய்த்தால் 150 போதும். ஒரு வாரம் உப்புத்தாளுடன் உட்கார்ந்தால் தொட்டி பாதியாகிறது. தொட்டி பாதியானால் பம்பின் வேலை பாதி, இறங்கி ஏறும் நேரம் பாதி. உள்ளே இடமும் கிடைக்கிறது.

இதில் ஒரு விந்தை உண்டு. மாதிரிகளில் பயன்படும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கின் அடர்த்தி நீரினதைவிடச் சற்றே அதிகம். நீருக்குள் அதற்கு எடையே இல்லை என்று சொல்லிவிடலாம். அதே துண்டு நீர்க்கோட்டுக்கு மேலே எழுந்த கணத்தில் தன் முழு எடையையும் படகின் தோளில் ஏற்றிவிடும். மெல்லிய பித்தளைத் தகட்டில் கோபுரம் செய்கிறவர்கள் இந்தச் சிக்கலிலிருந்து தப்பிக்கிறார்கள். கால் மில்லிமீட்டர் தகடு போதும் என்பதால் கன அளவு சொற்பம், தொட்டியும் சிறிது. ஆனால் பித்தளை நீரைவிட எட்டு மடங்குக்கும் மேல் அடர்ந்தது. மூழ்கிய பின்னும் அது உச்சியிலேயே கனத்துக்கொண்டிருக்கும். அதைச் சமன்செய்ய அடியில் ஈயம் கூட்ட வேண்டும். பிளாஸ்டிக் தன் கடனைத் தொட்டியில் வசூலிக்கிறது, பித்தளை ஈயத்தில் வசூலிக்கிறது. கடனில்லாத அலங்காரம் எதுவும் நீர்மூழ்கியின் உச்சியில் கிடையாது.

மூழ்கிய படகு நிமிர்ந்து நிற்க ஒரே வழி, அதன் மிதப்பு மையம் மேலேயும் ஈர்ப்பு மையம் கீழேயும் இருப்பதுதான். மேலே மிதக்கையில் நீர்ப்பரப்பின் அகலம் கைகொடுக்கும். அமிழும்போது அந்த ஆதரவு படிப்படியாக விலகிக்கொள்கிறது. ஆகவே ஆபத்து ஆழத்தில் இருப்பதைவிட, ஏறி இறங்கும் அந்த நடுவழியில்தான் அதிகம். தோட்டுக்குள் புகுந்த நீர் வடிவதற்குள் படகு மேலெழுந்தால், தலையில் நீர்க்குடம் சுமந்தவனைப் போலத் தள்ளாடி ஒருபுறம் சாயும். உண்மைக் கப்பலின் பக்கவாட்டில் வரிசையாகத் தெரியும் வடிதுளைகள் அழகுக்காக வைத்தவையல்ல. அச்சில் வார்த்த மாதிரிகளில் அவை பெரும்பாலும் வெறும் குழிகளாகவே இருக்கும். பொறுமையாக ஒவ்வொன்றையும் திறந்துவிட வேண்டும். பாதி நிரம்பிய தொட்டியில் நீர் முன்னும் பின்னும் ஓடி மூக்கைக் குத்தவைப்பதும் இந்த நடுவழியில்தான். தொட்டிக்குள் தடுப்புகள் வைப்பதோ, நீருக்கு ஓட இடமே தராத பிஸ்டன் தொட்டியைப் பயன்படுத்துவதோ இதற்கு மருந்து. எவ்வகையானாலும் தொட்டி படகின் ஈர்ப்பு மையத்தை ஒட்டியே அமைய வேண்டும். இல்லையேல் நீர் ஏற ஏறப் படகு ஒரு பக்கம் தலைகுனியும்.

சமன் செய்வதற்கும் ஒரு வரிசை உண்டு. உடலில் நீர்க்கோட்டை ஒட்டுநாடாவால் குறித்துக்கொள்ள வேண்டும். தொட்டி காலியாக இருக்கையில், அடியில் ஈயமும் கோட்டுக்குக் கீழே நுரைத்துண்டுகளும் வைத்துப் படகை அந்த நாடாவில் மிதக்கவிட வேண்டும். பிறகே தொட்டியை நிரப்ப வேண்டும். படகு அடியில் போய் உட்கார்ந்தால், நுரையைக் கோட்டுக்கு மேலே ஒட்ட வேண்டும். மூழ்கிய நிலையில் அது தூக்கும். மேலே மிதக்கையில் காற்றில் சும்மா இருக்கும், நாம் முன்பு அமைத்த கோட்டைக் கலைக்காது. மாறாகத் தொட்டி நிரம்பியும் படகு மூழ்க மறுத்தால், மேற்பகுதி தடித்திருக்கிறது என்று பொருள். ஈயம் சேர்த்து அதை அமிழ்த்திவிடலாம்தான். ஆனால் அப்போது மேல் நீர்க்கோடு பொய்யாகிவிடும். சோதனை நீரில் இரண்டு சொட்டுச் சோப்புத் திரவம் விட்டால் தளத்தடியில் ஒட்டிக்கொள்ளும் காற்றுக்குமிழிகள் விலகும். அவற்றை மிதப்பென்று நம்பி ஏமாந்தவர்கள் பலர்.

அந்தப் பொய்யை நானும் செய்திருக்கிறேன். என் முதல் படகு கோட்டைவிட ஒரு விரற்கடை தாழ்ந்தே மிதந்தது. படகைத் திருத்தாமல், அது மிதந்த இடத்தில் கோட்டை வரைந்து, அடிப்பகுதியின் கருஞ்சாம்பல் வண்ணத்தை அதுவரை உயர்த்திவிட்டேன். கரையில் நின்று பார்த்தவர்கள் பாராட்டினார்கள். எனக்கு மட்டும் அந்தக் கோடு ஒவ்வொரு முறையும் உறுத்தியது.

இரண்டாம் படகில் எதிர்ப்புறமாகச் சென்று பிழைசெய்தேன். தொட்டி நிரம்பியதும் படகு இம்மியும் மேலேயோ கீழேயோ நகராமல் நீரின் நடுவே அந்தரத்தில் நிற்க வேண்டும் என்ற ஆசை. குளியல் தொட்டியில் அப்படியே நின்றது; பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏரியில் இறக்கிய மூன்றாம் நாள், மோட்டார் தண்டின் அடைப்பு வழியே கசிந்த நீரில் மின்னணுப் பலகை நனைந்து, பம்பு நின்றுபோனது. தொட்டி நிரம்பிய நிலை. கையிருப்பாக ஒரு கிராம் மிதப்பும் இல்லை. கசிந்த சில துளிகளே போதுமானதாக இருந்தது. மூன்று வருட மாலைப்பொழுதுகள் கண்முன்னே மெதுவாக, ஒரு சத்தமும் இல்லாமல் இறங்கிப்போயின. மறுநாள் ஒரு நண்பர் மூழ்கி எடுத்துத் தந்தார். ஏழு-சி அளவுள்ள படகில் மூழ்கு எடையின் நூற்றில் ஒரு பங்கு, அதாவது 23 கிராம் மிதப்பை மிச்சம் வைத்திருந்தால், கோபுரத்தின் நுனியாவது நீருக்கு மேல் காத்துக்கொண்டிருந்திருக்கும்.

இங்கேதான் மறுதரப்பின் வாதத்தை மதித்துப் பேச வேண்டும். தொட்டியே வேண்டாம், படகை நீர்ப்பரப்பை ஒட்டி மிதக்கவிட்டு, வேகத்தாலும் துடுப்புத் தகடுகளாலும் உள்ளே அழுத்திவிடலாம் என்பவர்கள் பலர். கசியும் வால்வு இல்லை, பம்பு இல்லை. மின்சாரம் நின்றால் படகு தானே மேலே வரும். முதல் படகு கட்டும் சிறுவனுக்கு நானும் இதையே பரிந்துரைப்பேன். ஆனால் அந்தப் படகு ஓடினால்தான் மூழ்கும், நின்றால் மூழ்காது. மேலே இருக்கையிலும் தளம் நனைய நனையவே செல்லும். நிமிர்ந்து மிதந்த கப்பல் ஒன்று நின்ற இடத்திலேயே கோடு கோடாகத் தன்னை நீருக்கு ஒப்புக்கொடுத்து மறையும் அந்தக் காட்சி அதற்கு வாய்க்காது. என்னைப் பொறுத்தவரை அந்தக் காட்சிதான் நீர்மூழ்கி. ஆகவே என் முடிவு இரண்டுக்கும் நடுவே நிற்கிறது: உண்மையான நீர்க்கோடு, அதற்கேற்ற தொட்டி, அதற்கு மேல் அமிழாத நூற்றில் ஒரு பங்கு. கடைசிச் சாண் ஆழத்துக்குத் தகடுகளே அழுத்தட்டும்.

ஏரியில் சமன் செய்த படகைக் கடலில் இறக்குகிறவர்கள் கணக்கைத் திரும்பப் போட வேண்டும். கடல்நீர் நன்னீரைவிட நூற்றுக்கு 2.5 பங்கு அடர்ந்தது. நம் 2.33 கிலோப் படகுக்கு இது 58 கிராம் வேறுபாடு. மூழ்க மறுக்கும் அளவு அது. தவிர, கடல்நீருக்குள் வானொலி அலை ஏறத்தாழ நுழைவதே இல்லை. இன்று எங்கும் பரவிவிட்ட 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகளின் அலை நன்னீருக்குள்ளும் போகாது. சமிக்ஞை அறுந்தால் தொட்டி தானே காலியாகும் ஏற்பாடு இல்லாத படகை நீரில் விடலாகாது.

இவையெல்லாம் விளையாட்டுச் சாமானுக்கான கவலைகள் என்று தோன்றலாம். 1939 ஜூன் 1 அன்று லிவர்பூல் வளைகுடாவில் பிரிட்டனின் தீட்டிஸ் என்ற புதிய நீர்மூழ்கி சோதனைக்குப் புறப்பட்டது. தொட்டிகளை நிரப்பியும் அது இறங்கவில்லை. முன்புறம் எடை குறைவாக இருந்தது. குறையை ஈடுகட்ட நீர் நிரப்பியிருக்க வேண்டிய டார்பிடோக் குழாய்களில் உண்மையிலேயே நீர் இருக்கிறதா என்று பார்க்கப் போனார்கள். ஐந்தாம் குழாயில் நீர் இருப்பதைக் காட்ட வேண்டிய சிறுதுளை வண்ணப்பூச்சால் அடைபட்டிருந்தது. துளையில் நீர் வராததால் குழாய் காலியென்று நம்பி உட்கதவைத் திறந்தார்கள். வெளிக்கதவோ கடலுக்குத் திறந்திருந்தது. முன்புற அறைகள் இரண்டு நிரம்பி, மூக்கு கடலடியில் குத்தி நின்றது. மறுநாள் காலை அதன் வால்பகுதி நீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பது எல்லோருக்கும் தெரிந்தது. உள்ளே இருந்த 103 பேரில் நால்வரே தப்பினார்கள். தொடக்கத்தில் இருந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இந்தக் கப்பலின் முன்புறம் எவ்வளவு நீர் இருக்கிறது?

கணினிகள் வந்தபின் இது தீர்ந்துவிட்டது என்றும் சொல்வதற்கில்லை. ஸ்பெயின் கட்டிய எஸ்-80 வகை நீர்மூழ்கி மிதப்புக்கு மீறிக் கனத்துவிட்டது என்பது 2013-இல் வெளியானது. ஈயத்தை எடுத்துவிட்டுச் சரிசெய்யும் அளவுப் பிழையாக அது இல்லை. உடலையே ஏறத்தாழ 10 மீட்டர் நீட்டித்துக் கூடுதல் மிதப்பைத் தேட வேண்டியதாயிற்று. முதல் கப்பல் கடற்படையிடம் சேர்ந்தது 2023 நவம்பரில். எடையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்பது மேசைமேல் கட்டுகிறவனுக்கு மட்டும் உரிய சோம்பல் இல்லை போலும்.

என் மூன்றாம் படகு இப்போது மேசைமேல் இருக்கிறது. கோபுரம் இன்னும் இல்லை, பீரங்கியும் இல்லை. வெறும் தோடு, அதைச் சுற்றி நீல நிற ஒட்டுநாடாவில் ஒரு கோடு. வீட்டுக்கு வருகிறவர்கள் எப்போது தொடங்கப் போகிறீர்கள் என்று கேட்கிறார்கள். பாதி முடித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு, உப்புத்தாளை எடுத்துக்கொள்கிறேன்.