கதிரை கேட்பது ஆடம்பரமல்ல

நாணயக் கண்காட்சிக்கு உண்மையான ஆர்வலர் நாணயத்துக்காகவே வருவார், கதிரையும் மின்விசிறியும் மலசலகூடமும் வீண்செலவு என்று சிலர் வாதிடுகிறார்கள். கண்காட்சியின் நோக்கத்தையே மறந்த வாதம் இது.

யாழ்ப்பாண அரசின் சேது நாணயத்தைப் பாருங்கள். ஒருபுறம் நிற்கும் மனித உருவம். மறுபுறம் படுத்திருக்கும் நந்தி, அதன் கீழே தமிழில் ‘சேது’. விரல்நுனியளவான, தேய்ந்த செப்புக்காசில் இவற்றை வடிவாகப் பார்க்க நல்ல வெளிச்சமும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் இருக்க இடமும் வேண்டும். யாழ்ப்பாணத்துக் கந்தரோடையில் கிடைத்த பழங்காசுகளுக்கும் இதே பொறுமை தேவை. நெரிசலில் நின்றபடி பார்ப்பவர் எதைக் கண்டு போவார்?

சித்திரை வெக்கையில், காற்றில்லாத மண்டபத்தில், காசின் வரலாறு சொல்லக்கூடிய முதியவரே முதலில் வெளியேறுகிறார். சுத்தமான மலசலகூடம் இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிக்காமலே திரும்புகிறார்கள். போரில் கால் இழந்தவர்கள் வாழும் மண்ணில், சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் அமைக்காத வாசல் அவர்களை வெளியே நிறுத்துகிறது. இவர்களெல்லாம் ஆர்வமில்லாதவர்களா?

பணம் போதாதென்றால் காட்சி மேசைகளைக் குறையுங்கள், கதிரைகளைக் குறைக்காதீர்கள். வருபவர் ஆறுதலாக இருந்து பார்த்தால்தான் அடுத்த தலைமுறைச் சேகரிப்பாளர் உருவாவார்.