பீரோவுக்கு இன்னொரு ஆள்

வீடு மாற்றும்போது வண்டி வாடகைக்குப் பேரம் பேசுகிறோம். பீரோவைத் தூக்கப்போகிறவரின் முதுகைப் பற்றி யாரும் பேசுவதில்லை. முழங்காலை மடக்கித் தூக்கு, சுமையை உடம்போடு ஒட்டிப் பிடி, இடுப்பை முறுக்காதே என்ற பாடம் சரியானதுதான். சுமை உடம்பைவிட்டு விலக விலகக் கீழ்முதுகின் டிஸ்க்குகளில் அழுத்தம் ஏறுகிறது. ஆனால் லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில், குறுகலான படித் திருப்பத்தில், அந்தப் பாடத்தைக் கடைப்பிடிக்க இடமே கிடையாது. ஒரு வயதுவந்த ஆண் சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேல் இருந்தால் அதை விரைவில் குறைக்க வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்தது. பல இரும்பு பீரோக்கள் காலியாக இருக்கும்போதே அந்த எடையைத் தாண்டிவிடும். ஆகவே உடம்பைக் காப்பது தொழிலாளியின் பொறுப்பு மட்டுமல்ல. பீரோவைக் காலிசெய்து, கட்டிலைக் கழற்றி, வழியை ஒழித்து வைப்பது வீட்டுக்காரர் கடமை. தூக்கும் பட்டை, தள்ளுவண்டி, இடையிடையே ஓய்வு, தண்ணீர் ஆகியவற்றைத் தருவது ஒப்பந்தக்காரர் கடமை. நடைக் கணக்கில் கூலி தந்தால் அவசரம் கூடும்; அவசரத்தில்தான் பிடி நழுவும். நாள்கூலி பேசுங்கள், கூடுதலாக ஓர் ஆளுக்கும் சேர்த்துக் கொடுங்கள். அந்தச் செலவை நாம் ஏற்காவிட்டால், அதை ஒரு தொழிலாளி தன் முதுகெலும்பால் ஆயுள் முழுக்கக் கட்டுவார்.