கொட்டும் கோடும்

கார்ட்டூன் என்றால் பிள்ளை விளையாட்டு; ஜாஸ் என்றால் மேல்நாட்டுக் கூச்சல். தமிழாசிரியர் பலர் கொண்டுள்ள இவ்விரு கருத்துகளும் பிழையானவை. 1930ஆம் ஆண்டுகளில் வெளிவந்த குறும்படங்களே அதற்குச் சான்று.

நியூயார்க்கில் மேக்ஸ் பிளைசரும் அவர் தம்பி டேவும் 1932இல் 'மின்னி தி மூச்சர்' என்னும் படத்தை வெளியிட்டனர். கறுப்பினப் பாடகர் கேப் காலவே முதலில் தம் இசைக்குழுவுடன் நேரில் தோன்றுகிறார். பின்னர், பெட்டி பூப் என்னும் சித்திரப் பெண் புகுந்த குகையில், வால்ரஸ் என்னும் கடல் விலங்கின் வடிவில் ஓர் ஆவி பாடி ஆடுகிறது. அந்த ஆட்டம் காலவேயின் ஆட்டமே! படம்பிடித்த அசைவுகளைச் சட்டம் சட்டமாகப் பார்த்து வரையும் அந்நுட்பத்துக்கு மேக்ஸ் 1917இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். நொடிக்கு 24 சட்டங்கள். ஏழு நிமிடப் படத்துக்குப் பத்தாயிரத்துக்கும் மேல். இதுவா விளையாட்டு? அங்கே தாளமே கதையை நடத்துகிறது. எலும்புக்கூடும் அத்தாளத்துக்கு அடங்குகிறது. அப்படங்களின் கவர்ச்சி அதுவே.

ஆனால், கவர்ச்சியில் மயங்கிக் குற்றத்தை மறைத்தலும் தகாது. அதே 1932இல் அதே நிறுவனத்தார் எடுத்த மற்றொரு படத்தில், மாபெரும் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் தலை நரமாமிசம் உண்ணும் காட்டுவாசியின் தலையாக மாறித் துரத்துகிறது. இசையை ஏற்றவர்கள் இசைத்தவரை இழிவு செய்தனர். வரைகோல் பிறர் கையில் இருந்ததன் விளைவு அது.

அடிமைகளாய்க் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் வளர்த்த இசை ஜாஸ். சஞ்சிக் கூலிகளாய் வந்தோரின் வழித்தோன்றல்கள் காத்த தப்பும் உருமியும் அதனினும் தாழ்ந்தவையா? செனாவாங் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்கள் பல இன்று தொழிற்பேட்டைகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. பால்மரம் வெட்டியோரின் பேரப்பிள்ளைகள் அயலார் வரைந்த படங்களைக் கைப்பேசியில் காண்கின்றனர். பாட்டன் கொட்டிய தாளத்துக்கு ஆடும் சித்திரம் ஒன்றை அவர்கள் கண்டதுண்டா?

இயலாது என்பார்க்கு இந்நாடே விடை கூறும். ஆனந்தம் சேவியர் 1978இல் உருவாக்கத் தொடங்கிய 'ஹிக்காயாட் சாங் கஞ்சில்', 1983இல் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகி, மலேசியாவின் முதல் சித்திரக் குறும்படம் என்னும் பெயர் பெற்றது.

மாணவன் தன் நோட்டுப் புத்தக ஓரத்தில் பக்கத்துக்குப் பக்கம் சிறிது மாற்றி வரைந்து விரைவாகப் புரட்டினால் உருவம் அசையும். தொடக்கத்துக்கு அது போதும். அப்புத்தகத்தைப் பறிக்கும் ஆசிரியர் குறும்பைத் தண்டிப்பதாக எண்ணுகிறார். உண்மையில் ஒரு கலையைக் கருவிலேயே கிள்ளுகிறார். பறிப்பதை விடுத்து, உருமியின் தாளத்துக்கு ஓர் உருவத்தை ஆடவைக்கச் சொல்லட்டும். தமிழர் தம்மைத் தாமே வரையாவிடில், பிறர் வரைவர். அந்த உருவம் எப்படி இருக்கும் என்பதற்கு ஆம்ஸ்ட்ராங்கின் தலையே சாட்சி.