துப்பாக்கிக்கு லட்சம், உறைக்கு இருநூறு

எங்கள் மாமா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறார். அவரிடம் லைசென்ஸ் உள்ள .32 ரிவால்வர் ஒன்று உண்டு. வாரச் சம்பளத்தைச் சென்னையிலிருந்து ரொக்கமாகக் கொண்டுவந்த காலத்தில் வாங்கியது. இப்போது சம்பளம் எல்லாம் பாங்க் கணக்கில் போகிறது. ஆனாலும் பழக்கம் விடவில்லை.

போன மாதம் ஜி.என்.டி. ரோட்டில் டீ குடிக்கக் காரை விட்டு இறங்கும்போது அது இடுப்பிலிருந்து நழுவித் தார் ரோட்டில் விழுந்தது. நல்ல வேளை, வெடிக்கவில்லை. டீக்கடையில் ஒரு நிமிடம் யாருமே பேசவில்லை. மாமா மட்டும் "ஒண்ணும் ஆகலயே, விடுடா மாப்ளே" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்து அந்த உறையை வாங்கிப் பார்த்தேன். எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தும் என்று சொல்லி விற்ற ரெக்சின் பை. விலை இருநூறு ரூபாயாம். பட்டன் தேய்ந்து போயிருக்கிறது. அதை மாட்டியிருந்ததோ கல்யாணத்துக்குப் போடும் மெல்லிய பெல்ட்!

என்னைக் கேட்டால், உறை துப்பாக்கியின் ஒரு பாகம். அந்த மாடலுக்கென்றே செய்ததாக இருக்கவேண்டும். விசையைச் சுற்றியுள்ள வளையம் முழுவதும் கெட்டியான பொருளால் மூடியிருக்கவேண்டும். துணி மாதிரி மடங்கினால், அந்த மடிப்பே விசையை அழுத்திவிடும். துப்பாக்கியை எடுத்த பிறகும் உறையின் வாய் திறந்தே நிற்கவேண்டும். குண்டுகளை எல்லாம் எடுத்துவிட்டு, மெத்தைக்கு மேலே தலைகீழாகப் பிடித்துக் குலுக்கிப் பாருங்கள். விழுந்தால் அந்த உறை வேண்டாம். பழைய போலீஸ் அதிகாரிகள் தோளிலிருந்து ஒரு கயிற்றைத் துப்பாக்கிப் பிடியில் மாட்டியிருந்தது அழகுக்காக இல்லை.

தோலா, பிளாஸ்டிக்கா என்றால் நம்ம ஊருக்கு நான் கைடெக்ஸ் பக்கம். சித்திரை வெயிலில் தோல் வியர்வையைக் குடிக்கும். பக்கத்திலேயே பழவேற்காட்டு உப்புக்காற்று வேறு. தோல் உறைக்குள்ளேயே போட்டு வைத்தால் இரும்பு துருப்பிடிக்கும்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2016 ஆயுத விதிகளின்படி பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறையிலோ அதற்கான பையிலோ முழுவதும் மறைந்திருக்கவேண்டும், வைத்திருப்பவரின் கட்டுப்பாட்டிலும் இருக்கவேண்டும். சினிமா ஹீரோ மாதிரி முதுகுப்பக்கம் சொருகிக்கொள்ள அனுமதி இல்லை.

2014-ல் கான்பூர் தொழிற்சாலை பெண்களுக்காக 'நிர்பீக்' என்ற ரிவால்வரை வெளியிட்டது. அரை கிலோ எடை, விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல். நகைப்பெட்டி மாதிரி ஒரு பெட்டியும் கொடுத்தார்கள். கைப்பையில் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். சாவிக்கொத்தும் பேனாவும் உருளும் பைக்குள் அப்படியே போட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

இதையெல்லாம் சொன்னபோது மாமா, "அவ்வளவு செலவு பண்ணி எதுக்குடா?" என்றார். "தேர்தல் வந்தா ஸ்டேஷன்ல ஒப்படைச்சுட்டு வாரக்கணக்கா சும்மாதானே மாமா போய்வர்றீங்க, அப்போ என்ன ஆச்சு?" என்று கேட்டேன். பதில் இல்லை.

புது உறையும் பெல்ட்டும் இன்னும் வாங்கவில்லை. துப்பாக்கி பீரோவில் இருக்கிறது. சாவி அத்தையிடம்.