அரசும் கம்பனியும் இல்லாத தோட்டம் சாத்தியமா?

மார்கழிப் பௌர்ணமி முதல் வெசாக் வரையிலான சிவனொளிபாதமலைப் பருவகாலத்தில் நல்லதண்ணியினூடாக இலட்சக்கணக்கான யாத்திரிகர்கள் மலையேறுகின்றனர். தளர்ந்தவரைத் தாங்கிப் பிடிப்பதும், தாகத்துடன் வருபவருக்குத் தேநீர் கொடுப்பதும், இறங்குபவர் ஏறுபவருக்கு வழிவிடுவதும் எந்த வர்த்தமானி அறிவித்தலின் பேரிலும் நடைபெறுவன அல்ல. ஆயினும் அதே பாதையில் விளக்கு எரியவும், குப்பை அகற்றப்படவும், விபத்துக்குள்ளானவர் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்படவும் அரச நிறுவனங்களின் துணை தேவைப்படுகிறது. அரசாங்கமும் முதலாளித்துவமும் இன்றி மனிதர் தம்மைத் தாமே ஆண்டுகொள்ள முடியுமா என்ற பழைய கேள்விக்கான விடையின் இரு பக்கங்களையும் இம்மலைப்பாதையிலேயே காணலாம்.

அராஜகம் என்ற சொல்லைக் குழப்பம், அட்டூழியம் என்ற பொருளிலேயே நாம் பயன்படுத்தி வருகிறோம். ஆனால் 19ஆம் நூற்றாண்டில் புருதோன், பக்குனின், குரொப்போட்கின் போன்றோர் முன்வைத்த அரசின்மைவாதம் ஒழுங்கின்மையைக் கோரியதல்ல. மேலிருந்து திணிக்கப்படும் அதிகாரத்துக்குப் பதிலாக மக்களின் சுயவிருப்பான கூட்டுறவைக் கோரியதே அக்கொள்கையாகும். உயிரினங்கள் நிலைத்திருப்பதற்குப் போட்டியைப் போலவே பரஸ்பர உதவியும் அடிப்படையானது என்று 1902இல் வெளிவந்த தமது நூலில் குரொப்போட்கின் வாதிட்டார். அரசு படிப்படியாகத் தேவையற்றதாகும் சமூகத்தையே காந்தியடிகளும் இறுதி இலட்சியமாகக் கொண்டிருந்தார்.

மலையகத் தமிழருக்கு இது ஏட்டுக் கேள்வி மாத்திரமல்ல. அரசினாலும் மூலதனத்தினாலும் ஒருசேர வஞ்சிக்கப்பட்ட மக்கள் இவர்கள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இவர்களைக் கேளாமலேயே இரு நாடுகளுக்கிடையில் பங்கிட்டது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம், 2018இல் திருத்தப்படும் வரை, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. வரி கொடுத்தும் வாக்களித்தும் வந்த மக்களுக்கு வீதி அமைப்பதற்குக்கூடத் தோட்ட நிர்வாகத்தின் தயவை நாட வேண்டியிருந்தது.

இவ்வாறு கைவிடப்பட்ட நிலையிலேயே மரண உதவிச் சங்கங்களும், சீட்டுகளும், கோயில் பொறுப்புகளும் லயன்களில் வளர்ந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது மலைகள் சரிந்து பாதைகள் துண்டிக்கப்பட்ட வேளையில், பல இடங்களில் முதலில் மண்ணைத் தோண்டியவர்கள் அயலவர்களே. 2022இல் காலிமுகத்திடலில் போராட்டக்காரர்கள் சமையலறையும் நூலகமும் அமைத்துத் தம்மைத் தாமே நிர்வகித்ததையும் நாடு கண்டது. மக்கள் தாமாக ஒழுங்கமைய முடியாதவர்கள் என்ற வாதம் இத்தகைய வேளைகளில் பொய்த்துப்போகிறது.

மறுபுறத்தில், அரச உடைமை மாத்திரம் விடுதலையைத் தருவதில்லை என்பதற்கும் எமது வரலாறே சான்று. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கியபோது, துரையின் இடத்துக்கு அரசியல்வாதியின் ஆள் வந்தார். 'உசவசம' என்ற பெயரிலே கூட்டுறவு இருந்தது. தொழிலாளருக்கோ தீர்மானிக்கும் உரிமை இருக்கவில்லை. 1973, 1974 காலப்பகுதியில் பட்டினி மரணங்கள் நிகழ்ந்தன. காணி பறிப்புக்கு எதிராக 1977 மே மாதத்தில் டெவன் தோட்டத்தில் திரண்ட தொழிலாளர்கள் மீது பொலிஸார் சுட்டதில் சிவனு லெட்சுமணன் உயிரிழந்தார். 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் கைமாறியது. ஆனால் லயன் அறை லயன் அறையாகவே இருந்தது. நாட்கூலி 1,000 ரூபாவை எட்ட 2021 வரை காத்திருக்க நேர்ந்தது. அதே ஆண்டில் இரசாயன உரத்தை ஒரேயடியாகத் தடைசெய்த அரசின் தீர்மானம் தேயிலைச் செய்கையை எவ்வாறு தாக்கியது என்பதை மறப்பதற்கில்லை.

அப்படியானால் தொழிலாளரே தோட்டத்தை நடத்த முடியுமா? முடியும் என்பதற்கு உதாரணம் உண்டு. மேற்கு வங்கத்தின் ஜல்பைகுரியில், முதலாளி கைவிட்ட சோனாலி தேயிலைத் தோட்டத்தை 1970களின் நடுப்பகுதியில் தொழிலாளர் கூட்டுறவு ஒன்று ஏற்று நடத்தியது. ஆனால் காணியின் சட்டபூர்வ உரித்து அவர்களிடம் இல்லாமையால் நீதிமன்றத் தலையீட்டுடன் அம்முயற்சி சில ஆண்டுகளிலேயே முடிவுக்கு வந்தது. இங்கு தோற்றது நிர்வாகத் திறமை அன்று. உரித்தே இல்லாமற் போயிற்று. உரித்தை வழங்குவதும் காப்பதும் அரசின் சட்டமேயன்றி வேறல்ல.

மூணாறு தரும் பாடம் இதற்கு நேர்மாறானது. அங்கு 2005இல் அமைக்கப்பட்ட கண்ணன் தேவன் கம்பனியின் பெரும்பான்மைப் பங்குகள் ஊழியர்களிடமே இருந்தன. எனினும் 2015இல் போனஸ் 10 வீதமாகக் குறைக்கப்பட்டபோது, அதே கம்பனிக்கு எதிராக ஆயிரக்கணக்கான தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் வீதிக்கு இறங்கினர். தொழிற்சங்கத் தலைவர்களையும் விலக்கிவைத்துத் தாமே கூடித் தீர்மானித்த 'பெண்கள் ஒற்றுமை' இயக்கம், ஒன்பது நாள் போராட்டத்தின் பின்னர் 20 வீதத்தைப் பெற்றது. பங்குப் பத்திரம் கையில் இருந்தால் போதாது, தீர்மானமும் கையில் இருக்க வேண்டும் என்பதை அப்பெண்கள் உணர்த்தினர். ஆயினும் அந்த இயக்கமும் வெகுவிரைவில் பிளவுபட்டது. எழுச்சியைப் பொறுப்புக்கூறும் அமைப்பாக மாற்றாவிட்டால் அது நிலைக்காது.

அரசின்மைவாதம் தடுமாறும் இடமும் இதுவே. பறித்த கொழுந்து சில மணித்தியாலங்களுக்குள் தொழிற்சாலையை அடைந்தாக வேண்டும். தொழிற்சாலைக்கு மின்சாரமும், ஏலத்துக்குத் தரக்கட்டுப்பாடும், கடன் பெறச் சட்டபூர்வ உத்தரவாதமும் தேவை. ஒரு தோட்டத்தின் நன்மைக்காக வெட்டப்படும் காடு, கீழேயுள்ள மற்றொரு தோட்டத்தின் மீது மண்சரிவாக இறங்கும். இவ்வாறான பிணக்குகளைத் தீர்க்க, எல்லோரையும் கட்டுப்படுத்தும் ஓர் அதிகாரம் வேண்டும். அந்த அதிகாரம் இல்லாத இடத்தில் நிலவுவது சமத்துவமன்று. பெரிய மீன் சிறிய மீனை விழுங்கும் நியாயமே. 1936இல் ஸ்பெயினில் தொழிலாளர் கைப்பற்றி நடத்திய கூட்டுப் பண்ணைகளும் தொழிற்சாலைகளும் மூன்று ஆண்டுகளுக்குள் மறைந்தமைக்கு, அவற்றைக் காக்கவல்ல அரசியல் அதிகாரம் அவற்றிடம் இல்லாமையும் ஒரு காரணமாகும்.

ஆகவே அரசை ஒழிப்பது எமக்கான மாற்றுவழியாகாது. ஏழு தசாப்தங்களாகப் பிரஜாவுரிமைக்கும் பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் போராடிய சமூகத்திடம், அரசே வேண்டாம் என்று உபதேசிப்பது கொடுமையான நகைச்சுவையாகும். ஆனால் எம்மைக் கேளாமல் எமக்காகத் தீர்மானிக்க நீங்கள் யார் என்ற அரசின்மைவாதிகளின் கேள்வியைப் புறக்கணிக்கவும் முடியாது.

2026 வரவுசெலவுத் திட்டத்தில் அடிப்படை நாட்கூலியை 1,550 ரூபாவாக உயர்த்துவதுடன், 200 ரூபா வரவு ஊக்குவிப்புக் கொடுப்பனவு வழங்கவும் முன்மொழியப்பட்டது. அது வரவேற்கத்தக்கதே. எனினும் கூலியோடு விடயம் முடிந்துவிடுவதில்லை. நாட்டின் தேயிலையில் பெரும்பங்கைச் சிறு தோட்ட உடைமையாளர்களே இன்று உற்பத்தி செய்கின்றனர் என்ற உண்மை, காணியுள்ள குடும்பம் தானே பயிரிட்டு வாழ முடியும் என்பதைக் காட்டுகிறது. மலையகத் தொழிலாளிக்கோ ஏழு பேர்ச் காணியே பெரும் சலுகையாகக் காட்டப்படுகிறது.

கைவிடப்பட்ட தேயிலை நிலங்களைச் சட்டபூர்வ உரித்துடன் தொழிலாளர் குடும்பங்களுக்கும் அவர்களது கூட்டுறவுகளுக்கும் வழங்குதல், கம்பனிகளின் குத்தகைக் காலம் முடிவதற்கு முன்னரே தொழிலாளரின் பங்கைச் சட்டத்தில் உறுதிசெய்தல், மண்சரிவு அபாயமுள்ள இடங்களிலிருந்து மீள்குடியேறுபவர்களே தமது குடியிருப்பைத் தீர்மானிக்க இடமளித்தல் ஆகியவை உடனடித் தேவைகளாகும். மண்ணைத் தோண்டி அயலவரை மீட்கத் தெரிந்த மக்களுக்கு, அந்த மண்ணை ஆளவும் தெரியும். அதற்குத் தடையாக நில்லாமல் துணையாக நிற்கும் அரசே இன்று மலையகத்துக்குத் தேவை.