பாஸ்தா தின்றால் சாதி போய்விடுமா?

போன மாதம் நாங்கள் ஐந்து பேர் சென்னையில் ஓர் ஐந்து நட்சத்திர ஹோட்டலுக்குள் இருக்கும் இத்தாலிய உணவகத்துக்குச் சாப்பிடப் போனோம். எங்களில் ஒருத்திக்கு முனைவர் பட்டம் கிடைத்திருந்தது. அவள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் அவள்தான். "எல்லாத்தையும் டீக்கடையிலயே கொண்டாடினது போதும்" என்றாள். காசு சேர்த்தோம், போனோம், ஒரு படம் எடுத்துப் போட்டோம்.

விடிவதற்குள் இரண்டு பக்கமும் அடி. "ஸ்டார் ஹோட்டல்ல சாப்பிடறவங்களுக்கு எதுக்கு இன்னும் கோட்டா?" என்றது ஒரு கூட்டம். அது வழக்கமான குரைப்பு. "தோழர், களத்துல நிக்கிறவங்க அங்கெல்லாம் போய் உட்காரலாமா?" என்று நம் தோழர்களே கேட்டதுதான் உறுத்தியது.

முதல் கூட்டத்துக்கு முதலில் பதில். 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு உள் ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்பளித்தது. அதை வரவேற்கிறோம். 2009-ல் அருந்ததியருக்கு 3 சதவீதம் வந்தபோதும் வரவேற்றோம். ஆனால் அதே தீர்ப்பில் நான்கு நீதிபதிகள், பட்டியல் சாதிகளிலும் 'கிரீமி லேயர்' பிரித்து வெளியேற்ற வேண்டும் என்று கருத்துச் சொன்னார்கள். அன்றிலிருந்து நம் கையில் இருக்கும் போன், போட்டிருக்கும் ஷூ, தின்னும் பாஸ்தா எல்லாம் நமக்கு எதிரான சாட்சியங்களாகிவிட்டன.

காசு வந்தால் தீண்டாமை போய்விடும் என்பது இவர்கள் கணக்கு. 1917-ல் அம்பேத்கர் பரோடாவுக்கு வேலைக்குப் போனபோது அவரிடம் கொலம்பியா பல்கலைக்கழகப் படிப்பு இருந்தது, மன்னர் கொடுத்த உத்தியோகம் இருந்தது, வாடகை கொடுக்கக் காசும் இருந்தது. பார்சி விடுதியில் வேறு பெயரில்தான் தங்க முடிந்தது. பதினோராவது நாள் தடியோடு வந்து துரத்தினார்கள். இடஒதுக்கீடு பசிக்குப் போடும் சோறு அல்ல, அதிகாரத்தில் பங்கு. வறுமை ஒழிப்பு வேண்டுமென்றால் அதற்குத் தனியாகத் திட்டம் போடுங்கள்.

அன்று வாசலிலேயே ஒன்று நடந்தது. எங்களில் ஒருவன் பைக்கில் வந்தான். காவலாளி அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "டெலிவரின்னா பின்பக்க கேட் தம்பி" என்றார். சாப்பிட வந்திருக்கிறேன் என்றதும் மன்னிப்புக் கேட்டார். அவர் மேல் எங்களுக்குக் கோபமில்லை. அந்த வாசலில் எந்த நிறம், எந்தச் சட்டை, எந்த வண்டி உள்ளே போகும் என்று அவருக்குப் பழக்கியிருக்கிறார்கள். உணவகத்தில் நுழையும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 15(2)-ல் இருக்கிறது. அதைத் தடுப்பதும், அங்கிருக்கும் பாத்திரத்தைப் புழங்கவிடாமல் செய்வதும் 1955-ன் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் ஏற இறங்கப் பார்ப்பதற்கு எந்தப் பிரிவும் இல்லை.

இனி தோழர்களுக்கு. எளிமை நல்லதுதான். ஆனால் நமக்கு மட்டும் ஏன் அது சட்டமாகிறது? ஒடுக்கப்பட்டவன் கிழிந்த சட்டையோடு நின்றால்தான் போராளி என்று நினைப்பவர்கள், அம்பேத்கர் சிலைக்கு ஏன் கோட்டு சூட்டு என்று ஒருமுறை யோசிக்க வேண்டும். 1927-ல் மகாடில் சவதார் குளத்துக்குப் போனது தாகத்தால் அல்ல. அந்தத் தண்ணீரைக் குடிக்காவிட்டால் செத்துவிட மாட்டோம் என்று அவரே சொன்னார். 1957-ல் திருவல்லிக்கேணியில் ஓர் ஓட்டல் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை அழிக்கப் பெரியார் ஆட்களை அனுப்பியதும் இட்லி கிடைக்காததால் அல்ல.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். மெனுவில் பொலென்டா என்று ஒன்று, 1,400 ரூபாய். வந்ததைப் பார்த்தால் மக்காச்சோளக் களி, மேலே காளான். வட இத்தாலியில் நிலமில்லாத விவசாயக் கூலிகள் வேறு வழியில்லாமல் தின்றது இது. இதை மட்டுமே தின்று பெல்லாக்ரா நோயில் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். ரோமில் டெஸ்டாச்சோ என்ற பகுதியில் மாடு வெட்டும் கூடம் இருந்தது. நல்ல கறி பணக்காரர்களுக்குப் போனது. குடலும் வாலும் ஈரலும் அங்கே வேலை செய்தவர்களுக்குக் கிடைத்தன. அவர்கள் சமைத்த குடல் கறியும் வால் கறியும் இன்று ரோமின் பெருமைக்குரிய உணவுகள், சுற்றுலாப் பயணிகள் தேடிப் போய்ச் சாப்பிடுகிறார்கள். நம் ஆத்தாக்கள் சமைத்த குடல் கறி, ரத்தப் பொரியல், உப்புக்கண்டம்? விடுதி அறையில் டப்பாவைத் திறந்தால் சண்டை. வாடகை வீட்டில் வாசம் வந்தால் அடுத்த மாதம் காலி பண்ணச் சொல்வார்கள். இத்தாலியிலும் ஏழையை இழிவாகத்தான் நடத்தினார்கள். ஆனால் அவன் தின்றதைத் தீட்டு என்று சொல்ல அங்கே சாஸ்திரம் இல்லை.

அதற்காக அந்த மேசையில் உட்கார்ந்ததை விடுதலை என்று சொல்லும் அளவுக்கு நாங்கள் முட்டாள்கள் இல்லை. 2019 ஜூனில் குஜராத்தின் டபோய் அருகே ஒரு ஹோட்டலின் கழிவுத் தொட்டியில் இறங்கி ஏழு பேர் மூச்சுத் திணறிச் செத்தார்கள். மனிதரை இறக்கக் கூடாது என்ற சட்டம் வந்து அப்போது ஆறு வருடம். எந்த ஹோட்டலுக்குப் போனாலும் சமையலறைக்குப் பின்னால் இருப்பவர்கள் யார் என்று கேளுங்கள். பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்' போட்டிருந்தார்கள். அது கட்டாயமில்லை என்று நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது. அந்தப் பணம் முழுக்கப் பரிமாறுபவருக்குப் போகுமா என்று கேட்டோம். மேலாளர் சிரித்தார். எடுக்கச் சொல்லிவிட்டு, பரிமாறிய தம்பி கையில் நேராகக் கொடுத்தோம்.

கிளம்பும்போது முனைவர் கழிப்பறைக்குப் போனாள். உள்ளே துடைத்துக்கொண்டிருந்த அக்கா, எட்டு மணி நேர வேலை, உட்கார ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது. கடைகளிலும் நிறுவனங்களிலும் ஊழியருக்கு இருக்கை தர வேண்டும் என்று இந்த மாநிலம் 2021-ல் சட்டம் திருத்தியது. அக்கா இவளைப் பார்த்ததும், "என்னம்மா விசேஷம்?" என்று கேட்டிருக்கிறார். சொன்னதும் ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு இவள் கன்னத்தைத் தொட்டிருக்கிறார். எந்த ஊர் என்ற பேச்சு வந்தது. அவர் ஊர்க் காலனியும் இவள் ஊருக்குப் பக்கத்திலேதான்.

"பதினோரு வருசமா இங்க வாசம் மட்டும்தான் புடிக்கிறேன். உள்ள சாப்பாடு எப்படிம்மா?"

"உப்பு கம்மிக்கா" என்றாளாம்.