குத்துன்னா இளக்காரமா?

பாலக்கரை ரவுண்டானாவில் தாரை தப்பட்டையோடு ஒரு ஊர்வலம் போனால் 'காட்டுக்கூச்சல்' என்று முகம் சுளிக்கிறீர்கள். அதே நீங்கள்தான் உங்கள் மகன் சன்பர்னில் 'டங்கு டங்கு' கேட்க ஆயிரக்கணக்கில் காசு கொடுக்கிறீர்கள். அது இசை, இது இரைச்சலா? என்ன சார் நியாயம்!

அந்த டெக்னோ எங்கே பிறந்தது தெரியுமா? 1980-களில், அமெரிக்காவின் டெட்ராய்ட்டில், கறுப்பின இளைஞர்களின் டிரம் மெஷினில். பிரிட்டனும் உங்களை மாதிரிதான் முகம் சுளித்தது. 'திரும்பத் திரும்ப வரும் தாளம்' என்று 1994-ல் சட்டத்திலேயே எழுதி, திறந்தவெளி ஆட்டங்களைக் கலைக்க போலீசை ஏவியது.

ஜெர்மனி வேறு மாதிரி. (பி.காம். படித்தவன் கண்ணில் இதெல்லாம்தானே படும்!) டி.ஜே. நடத்தும் டெக்னோ ராத்திரியும் கச்சேரிதான், 19 அல்ல, 7 சதவிகித வரி போதும் என்கிற ரீதியில் 2020-ல் அங்கே உச்ச வரி நீதிமன்றமே சொல்லிவிட்டது. 2024-ல் பெர்லின் டெக்னோ, தேசியப் பாரம்பரியப் பட்டியலிலும் ஏறிவிட்டது.

தூக்கம் கெடுதா? நியாயமான புகார். ராத்திரி பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாதென்று இங்கே 2000-லிருந்தே விதி இருக்கிறது; தாராளமாகக் கேளுங்கள். பெர்லினில் கிளப் சத்தம் வெளியே போகாமல் தடுக்க, 2018-ல் பத்து லட்சம் யூரோ ஒதுக்கினார்கள்.

ஆனால், நம்ம தப்பட்டைக்காரருக்கு உங்கள் சபாவில் ஒரு சாயங்காலம் கொடுங்களேன். டிக்கெட்டும் போடுங்கள். முன்வரிசையில் ஒன்று எனக்கு, காசு கொடுத்தே வாங்கிக்கிறேன்.